கெட்டவனுக்கு வாய்த்த இனிய பாட்டு: சங்கீத சக்கரவர்த்தி ஜி.ராமநாதன்

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பாகவே, வழிப்போக்கர் கண்ணில் ஒரு நுழைவாயில் வளைவு படும். உள்ளே இப்போது ஸ்டூடியோ கிடையாது. படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற பெயரைத் தாங்கிய அந்த வளைவு மாத்திரம் பழைய நாளுக்குச் சாட்சியாக நிற்கிறது.

அதைக் கடந்தால் சேர்வராயன் மலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டு ஏறும். காப்பித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களும், ஆரஞ்சுச் செடிகளும் வரும். சுமார் 5,000 அடி உயரத்தில் ஏரி, அதைச் சுற்றி ஊர். ஓரத்துக்குப் போய் நின்றால் கால் கூசும். பாறை செங்குத்தாக இறங்க, கீழே சேலம் நகரம் தீப்பெட்டிகளைப் பரப்பி வைத்தாற்போல் தெரியும்.

அந்த விளிம்பில் நிற்கும் பெரியவர்கள் வாயில் தாமாகவே ஒரு பாட்டு வந்துவிடும். 'வாராய் நீ வாராய்' என்று தொடங்கும் 'மந்திரி குமாரி' படப் பாட்டுத்தான் அது. ஏற்காட்டு மலையில் எடுக்கப்பட்ட காட்சி அது என்று சேலத்து மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். இளம் மனைவியைக் கணவன் மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளும் பாடிக்கொண்டே பின்னால் வருகிறாள். படத்தைப் பார்க்காமல் இசைத்தட்டில் மட்டும் கேட்டவர்களுக்கு இதைவிட இனிய காதல் பாட்டு வேறு கிடைக்காது. படம் பார்த்தவர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். அவன் அவளை அழைத்துப் போவது மலையிலிருந்து தள்ளிக் கொல்வதற்கு!

கொலைகாரன் வாயில் இத்தனை இனிப்பான மெட்டை வைத்த துணிச்சல்காரர் யார்? அவர்தாம் ஜி.ராமநாதன்.

பிச்சாண்டார்கோயில் ஹார்மோனியம்

திருச்சிக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டியது பிச்சாண்டார்கோயில். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் அங்கே பிறந்தவர் ராமநாதன். அண்ணன் சுந்தர பாகவதர் ஹரிகதைக்காரர். தம்பிக்கு அண்ணனே வழிகாட்டி. பெரிய வித்துவான்களின் வீட்டில் வருஷக்கணக்காகக் குருகுல வாசம் செய்யும் பாக்கியம் ராமநாதனுக்கு வாய்க்கவில்லை. கதை நடக்கும் மேடையில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்தார்; கேள்வி ஞானம் வளர்ந்தது; கை ஓடிற்று; குரலும் துணை நின்றது.

இந்த ஹரிகதைப் பயிற்சியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கச்சேரி வித்துவானுக்கு ராகம் ஒன்றுதான் கவலை. கதாகாலட்சேபக்காரருக்கு அப்படியல்ல. ஒரே மூச்சில் இரணியனாகவும் கர்ஜிக்க வேண்டும், பிரகலாதனாகவும் உருக வேண்டும். சூர்ப்பனகை ராமனிடம் குழைந்து பேசும் கட்டம் வந்தால், அந்தக் குழைவு சபையில் உட்கார்ந்திருப்பவர்களையும் கொஞ்சம் கிறுகிறுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதை எடுபடாது. கெட்டவனும் அழகாகத்தான் பாடுவான் என்ற பாடம் ராமநாதனுக்கு அந்த மேடையிலேயே கிடைத்திருக்க வேண்டும் என்பது நமது ஊகம். பிற்காலத்தில் அவர் செய்த வேலைகளைப் பார்த்தால் ஊகம் வீண்போகாது.

1930-களின் பிற்பகுதியில் அவர் பேசும்படத் துறைக்குள் புகுந்தார். அந்நாளில் படமென்றால் பாட்டு; பாட்டென்றால் பாகவதரும் சின்னப்பாவும். இருவருக்குமே ராமநாதன் இசையமைத்தார். 1943-ல் பாகவதரின் 'சிவகவி'. 1944-ல் சின்னப்பாவின் 'ஜகதலப்பிரதாபன்'. அதில் ஒரே சின்னப்பா ஐந்து சின்னப்பாக்களாகித் தாமே பாடித் தாமே பக்கவாத்தியமும் வாசிக்கும் காட்சியைக் காண ஜனங்கள் மீண்டும் மீண்டும் கொட்டகைக்கு வந்தார்கள்.

ஊஞ்சலில் ஆடிய லீலை

அதே 1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது 'ஹரிதாஸ்'. சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தத் தீபாவளிக்குத் திரையிட்ட படம், அடுத்த தீபாவளியையும் பார்த்தது, அதற்கடுத்த தீபாவளியையும் பார்த்தது. படத்தின் நாயகன் முதலில் பெற்றோரை மதியாத உல்லாசி. தாசியின் வலையில் விழுந்து சொத்தை இழந்து, கால்களையும் இழந்து, பிறகு பக்தனாகிறான். ஆக, படம் சொல்லும் நீதி சுத்தமானது. தாய் தந்தையரைப் போற்றுங்கள் என்பதே.

ஆனால் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது எந்தப் பாட்டை? பாகவதரும் டி.ஆர்.ராஜகுமாரியும் தோன்றும் 'மன்மத லீலையை' பாட்டைத்தான். பாடலை எழுதியவர் பாபநாசம் சிவன். கோயில் வீதிகளில் பஜனை செய்த அந்தப் பரம பக்தர்தாம் மன்மதனின் வெற்றியையும் பாடினார்! வாத்திய இசை ராமநாதனுடையது. சாருகேசி ராகம் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிமுகமானது அந்த ஒரு பாட்டால் என்று சொன்னால் மிகையில்லை. அதுவரை கச்சேரி மேடையிலும் அதிகம் புழங்காதிருந்த ராகத்தை, ஜட்கா வண்டிக்காரரும் சீட்டியடித்தார்.

ஒழுக்கத்தை வலியுறுத்தும் படத்தில் ஒழுக்கம் தவறும் கட்டத்துக்கு ஏன் இத்தனை அழகு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. நமக்கு அதில் குற்றம் தெரியவில்லை. தாசி வீடு அழகாக இல்லாவிட்டால் ஹரிதாஸ் எதற்காகச் சொத்தை இழப்பான்? விழுந்த பள்ளத்தின் ஆழம் தெரிந்தால்தானே எழுந்ததன் அருமை தெரியும்.

படம் வந்த சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு மூண்டது. பாகவதரும் கலைவாணரும் சிறை சென்றனர். 1947-ல்தான் விடுதலை. நாயகன் சிறையில் இருக்க, அவர் பாட்டு மட்டும் பிராட்வேயில் தினம் மூன்று வேளையும் பாடிக்கொண்டிருந்த விசித்திரத்தைத் தமிழ்நாடு கண்டது.

மலையடிவாரத்துப் படக் கோட்டை

இனி நாம் மறுபடியும் சேலத்துக்கு வர வேண்டும். திருச்செங்கோட்டைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் 1907-ல் பிறந்த டி.ஆர்.சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்துப் பட்டம் பெற்றவர். நூல் ஆலை வைப்பார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ படத் தொழிலில் இறங்கி, 1930-களின் நடுவில் ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஸ்டூடியோவை நிறுவினார். படம் பிடிப்பது, ஒலிப்பதிவு செய்வது, பிலிம் கழுவுவது எல்லாம் ஒரே மதிலுக்குள் நடந்தன. காலம் தவறாமை அங்கே சட்டம். முதலாளி வருகிறார் என்றால் பெரிய நடிகர்களும் சிகரெட்டை மறைப்பார்கள் என்று கதை சொல்வர். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த நிறுவனம் அது.

காடும் மலையும் அருவியும் காட்ட வேண்டுமானால் திரைச்சீலை எழுத வேண்டிய அவசியம் சுந்தரத்துக்கு இல்லை. வாசலிலேயே சேர்வராயன் மலை இருந்தது.

1950-ம் ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த இரண்டு படங்கள் ராமநாதன் வாழ்வில் முக்கியமானவை. இரண்டிலும் டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாமலேயே தமிழ்ப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவர்.

முதல் படம் 'பொன்முடி'. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியம் அது. நரசிம்மபாரதியும் மாதுரிதேவியும் நடித்த காதல் காட்சிகளில் நெருக்கம் மிகுதி என்று அந்நாளில் கண்டனம் கிளம்பியது. அமெரிக்க டைரக்டரின் கைவரிசை என்று பத்திரிகைகள் இடித்தன. இந்தப் படத்தில் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் வேறு யாருமல்ல, ராமநாதனே! டி.வி.ரத்தினத்துடன் சேர்ந்து பாடினார். மெட்டுப் போடுகிறவரே நாயகனாகவும் பாடிப் பார்த்த அந்த அனுபவம் அடுத்த படத்துக்குக் கைகொடுத்தது என்று கொள்ளலாம்.

மூன்று முறை வலம் வந்தவள்

அடுத்த படந்தான் 'மந்திரி குமாரி'. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. ஆனால் அதன் கதை மக்களிடம் தங்கிவிட்டது. கள்வன் ஒருவனைக் காதலித்து மணந்த செல்வப் பெண், அவன் தன்னை மலை உச்சியில் கொல்லப் பார்க்கிறான் என்று அறிந்ததும், கடைசியாக ஒருமுறை உன்னை வலம் வருகிறேன் என்று கேட்டுப் பின்னால் சென்று அவனைத் தள்ளிவிடுகிறாள். இதைக் கருவாக வைத்து மு.கருணாநிதி நாடகம் எழுதியிருந்தார். சேலத்தில் தங்கிப் படத்துக்கும் அவரே வசனம் தீட்டினார். ராஜகுருவின் மகனே கொள்ளைக்காரன் என்று காட்டிய படம். அதனால் அரசியல் சூடும் அதற்கு இருந்தது.

எம்.ஜி.ஆர். தளபதியாக நடித்தார். ராஜகுரு எம்.என்.நம்பியார். கொள்ளைக்கார மகன் பார்த்திபனாக எஸ்.ஏ.நடராஜன். அவனை நம்பி மணக்கும் மந்திரி குமாரியாக மாதுரிதேவி. படம் முடிவதற்குள் டங்கன் அமெரிக்கா திரும்ப, மிச்சத்தைச் சுந்தரமே முடித்தார்.

இப்போது சங்கீத டைரக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மலை உச்சிக்கு ஏறும் காட்சி. கொட்டகையில் இருப்பவர்களுக்கு அவன் யாரென்று தெரியும். அவளுக்குத் தெரியாது. இந்த இடத்தில் பயங்கரமான வாத்திய முழக்கம் வைத்தால் என்ன ஆகும்? அவள் அந்த இடத்திலேயே திரும்பி ஓடிவிட வேண்டும்! அவள் ஏற வேண்டுமானால் பாட்டு அவளை நம்ப வைக்க வேண்டும். அவளை மட்டுமா? தெரிந்தே உட்கார்ந்திருக்கும் நம்மையும் ஒரு கணம் மறக்கச் செய்ய வேண்டும். ராமநாதன் அதைத்தான் செய்தார். சாவகாசமாக மலை ஏறும் நடைக்குப் பொருந்திய தாளம். அவன் அழைக்க, அவள் கேட்க, அவன் மறுபடி ஆசை காட்ட என்று ஏறிக்கொண்டே போகும் சம்பாஷணை. ஓரிடத்திலும் குரல் முரடாகவில்லை.

குரல் திருச்சி லோகநாதனுடையது. திருச்சி மலைக்கோட்டைப் பக்கத்துப் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. அப்போது வயது 25. பெண் குரல் ஜிக்கி. இருபது வயதுகூட நிரம்பாத பெண். அந்தக் குழந்தைத்தனம் கலந்த குரலில்தான் மந்திரி குமாரியின் ஏமாளித்தனம் அத்தனையும் இருந்தது. அனுபவப்பட்ட பாடகி பாடியிருந்தால் இந்த உருக்கம் வந்திராது என்பது நம் அபிப்பிராயம்.

இதே ஜோடியின் மற்றொரு பாட்டு 'உலவும் தென்றல் காற்றினிலே'. ஓடத்தில் போகும் பாட்டு. அதுவும் கொள்ளைக்காரனுக்கே! படத்தின் இரண்டு தேன் சொட்டும் காதல் பாட்டுகளும் தளபதிக்குக் கிடைக்காமல் கள்ளனுக்குக் கிடைத்தன. தளபதியாக வந்த எம்.ஜி.ஆருக்குப் பிற்காலத்தில் எத்தனையோ நல்ல பாட்டுகள் வாய்த்தன; ஆனால் இந்த இரண்டும் அவருடையதல்ல.

மூன்று நிமிடத் தட்டு

பாட்டு கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் அதன் கதை வேறாகிவிட்டது. அதற்கு வழி செய்தது இசைத்தட்டு.

இன்றைய வாலிபர்களுக்கு அந்தக் கறுப்புத் தட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அரக்கு, கல் பொடி, கரி எல்லாம் கலந்து சூட்டில் அழுத்திச் செய்தது. பத்து அங்குல அகலம். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பாடும். பாட்டு நீண்டால் மறு பக்கம் திருப்ப வேண்டும். எஃகு ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும். சோம்பல்பட்டு மாற்றாதவர்கள் வீட்டுத் தட்டுகள் சீக்கிரமே கரகரத்தன. கைதவறினால் அப்பளம்தான். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்தில் இருந்த கிராமபோன் கம்பெனியின் ஆலையில் அச்சாகி, ரயிலேறித் தென்னாட்டுக்கு வந்தன.

தட்டில் படம் கிடையாது. மலையும் கிடையாது, உச்சியும் கிடையாது. எஸ்.ஏ.நடராஜனின் கள்ளப் பார்வையும் இல்லை. குரலும் மெட்டும் மட்டுமே. ஆகவே கொலைகாரனின் அழைப்பு வீட்டுக்குள் வந்தபோது நல்ல கணவனின் அழைப்பாகிவிட்டது. கலியாணப் பந்தல்களில் ஒலிபெருக்கிக்காரர்கள் இந்தத் தட்டைச் சுழலவிட்டதுண்டு. மாலையும் கழுத்துமாக மணமகன் உட்கார்ந்திருக்க, மனைவியைப் பாறையிலிருந்து தள்ளப் போகிறவன் பாட்டு! விவரம் தெரிந்த ஒருவர் இருவர் சிரித்திருப்பார்கள். மற்றவர்கள் பந்திக்கு எழுந்து போயிருப்பார்கள்.

1952-ல் பி.வி.கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கெடுபிடி வந்தது. இந்தப் பாட்டுகள் இளைஞர் ரசனையைக் கெடுக்கின்றன என்பது மேலிடத்தின் எண்ணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். தட்டு விற்பனையும் குறையவில்லை. 1957-ல் விவித் பாரதி தொடங்கி நம் அரசாங்கமும் வழிக்கு வந்தது.

தடுக்கத் தடுக்கத் தட்டுக்கு மவுசு ஏறும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1980-ல் பிரின்ஸ் என்ற இளம் பாடகர் 'டர்ட்டி மைண்ட்' என்ற ஃபங்க் இசைத்தட்டை வெளியிட்டார். சொற்கள் பச்சையாக இருந்ததால் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கின. இன்று அதன் முதல் அச்சுப் பிரதியைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ராமநாதன் பாட்டில் ஒரு பச்சைச் சொல்லையும் காண முடியாது. அவருடைய குறும்பெல்லாம் ஸ்வரத்தில் இருந்தது.

இசைத்தட்டு சேகரிப்போர் ஒரு தனி ஜாதி. அவர்கள் தட்டைக் கையில் எடுத்ததும் பாட்டின் பெயரைப் பார்க்க மாட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வரிகள் முடிந்து காகித வட்டம் தொடங்கும் இடத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பார்கள். பிறகு வட்டத்தின் நிறம், எழுத்தின் அமைப்பு. முதலில் அச்சானதா, பின்னால் அடித்ததா என்பதற்கு அவைதாம் அத்தாட்சி. ஒரே அச்சில் பிரதிகள் பெருகப் பெருக அச்சு தேயும், ஒலி மங்கும் என்பதால் முந்திய பிரதிக்கே கிராக்கி. அரக்குத் தட்டை மேல்நாட்டார் கைவிட்ட பிறகும் இந்தியாவில் சில வருஷங்கள் அதை அச்சிட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இங்கே 78 சுற்றுத் தட்டாக வந்தன. அவற்றுக்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆள் தேடி வருகிறார்கள்.

தமிழ்த் தட்டுகளில் சுத்தமாகக் கிடைப்பது அரிது. காரணம் எளிது. பக்திப் பாட்டுத் தட்டை வெள்ளிக்கிழமை மட்டும் வைப்பார்கள். அது புதிதாகவே இருக்கும். 'மன்மத லீலை'யும் 'வாராய் நீ வாரா'யும் பந்தல் பந்தலாக உழைத்துத் தேய்ந்தவை. அதிகம் விற்ற தட்டுத்தான் நல்ல நிலையில் குறைவாகக் கிடைக்கும் என்பது இந்த வியாபாரத்தின் வேடிக்கை.

மோகினி ஆடினாள்

1954-ல் 'தூக்குத் தூக்கி'. சிவாஜி கணேசனுக்கு யார் பாடுவது என்ற கேள்வி வந்தது. முதலில் லோகநாதனைத்தான் கேட்டார்கள், சன்மானம் ஒத்துவராததால் அவரே மதுரைப் பையன் ஒருவனின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று படவுலகில் நெடுங்காலமாகச் சொல்வார்கள். அந்த மதுரைப் பையன் டி.எம்.சௌந்தரராஜன். 'மந்திரி குமாரி'யிலும் ஒரு பாட்டுப் பாடியவர். 'தூக்குத் தூக்கி'க்குப் பிறகு சிவாஜி என்றால் சௌந்தரராஜன் என்றாயிற்று. லோகநாதனுக்கு அது நஷ்டந்தான்; அவர் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த சில ஆண்டுகள் ராமநாதனின் பொற்காலம். 'மதுரை வீரன்', 'சக்கரவர்த்தித் திருமகள்', 'அம்பிகாபதி' என்று சரித்திரப் படங்கள் வரிசையாக வந்தன. வாள் வீச்சுக்கு நடுவே ராகம் விளையாடிற்று. சங்கீத சக்கரவர்த்தி என்ற பட்டம் அவர் பெயரோடு திரையில் ஒட்டிக்கொண்டது.

1958-ல் வந்தது 'உத்தம புத்திரன்'. இதே கதையை இதே பெயரில் 1940-ல் சின்னப்பாவை வைத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்திருந்தது. இம்முறை வீனஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு. சிவாஜி இரட்டை வேடம். நல்லவன் பார்த்திபன், கெட்டவன் விக்கிரமன். கெட்டவன் குடித்துக் கூத்தடிக்கும் அரண்மனைக் காட்சிக்குப் பாட்டு வேண்டும். அந்த வருஷங்களில் உலகமெல்லாம் ராக் அண்ட் ரோல் பைத்தியம். எல்விஸ் பிரஸ்லி இடுப்பை ஆட்டியதை அமெரிக்கத் தாய்மார்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பாயில் சி.ராமச்சந்திராவும் ஓ.பி.நய்யாரும் அந்தக் காற்றை இந்திக்குள் விட்டிருந்தார்கள்.

சாருகேசிக்காரர் என்ன செய்வார் என்று பார்த்தால், அவர் 'யாரடி நீ மோகினி'யைக் கொடுத்தார்! சௌந்தரராஜனோடு ஜிக்கி, ஏ.பி.கோமளா, ஜமுனாராணி மூவரும் சேர்ந்து பாட, பம்பாயிலிருந்து வந்த ஹெலன் ஆடினார். மேனாட்டு வாத்தியம் அதிர, ராஜா காலத்து உடையில் சிவாஜி தோன்றுகிறார். எந்த நூற்றாண்டுக் கதையில் எந்த நூற்றாண்டுச் சங்கீதம் என்று கேட்டால் பதில் கிடையாது. கேட்கவும் தோன்றாது, அதற்குள் கால் தாளம் போடத் தொடங்கிவிடும். மறுபடியும் பாருங்கள், பாட்டு யாருக்கு? உத்தமனுக்கல்ல.

இதே 1958-ல் 'சாரங்கதரா'வுக்காக அவர் மறுபடி சாருகேசிக்குத் திரும்பினார். 'வசந்த முல்லை போலே வந்து' அதிலே பிறந்தது. ஒரே ஆண்டில், ஒரே கை, ஒரே பாடகர். ஒன்று ராக் அண்ட் ரோல், மற்றொன்று சுத்த ராகம்.

கப்பல் ஓடியது, காசு ஓடவில்லை

நல்லவர்களுக்கு ராமநாதன் நல்ல பாட்டே கொடுக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். கொடுத்தார். 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. 1960-ல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது, சிறந்த இசைக்கான விருது ராமநாதனுக்குக் கிடைத்தது. பிச்சாண்டார்கோயில் ஹார்மோனியம் நைல் நதிக்கரை வரையில் போயிற்று.

1961-ல் 'கப்பலோட்டிய தமிழன்'. வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கை, பாட்டெல்லாம் மகாகவி பாரதியுடையவை. பாரதிக்கு மெட்டுப் போடுவது கத்தி மேல் நடப்பது. சொல்லை மீறி இசை துள்ளக் கூடாது. சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து மடிந்துவிடவும் கூடாது. ராமநாதன் நடந்து காட்டினார். மலைக் காட்சியில் கொள்ளைக்காரனுக்காகப் பாடிய அதே லோகநாதன், இங்கே நாட்டின் அடிமைத்தனம் கண்டு பொருமும் பாரதி பாட்டைப் பாடினார். அவர் குரல் இரண்டுக்கும் பொருந்தியது.

படம் வசூலில் தோற்றது. மனைவியைக் கொல்லப் போகிறவன் பாட்டுத் தட்டு பந்தல் பந்தலாகத் தேய்ந்தது. நாட்டுக்காகச் செக்கிழுத்தவர் கதைக்குக் கொட்டகையில் நாற்காலிகள் காலி. பின்னாளில் அந்தப் படம் போற்றப்பட்டதென்றால், அதனால் ராமநாதனுக்கு என்ன பயன்? அவர் அதைக் காண இருக்கவில்லை.

காலமும் மாறிவிட்டது. ராஜா ராணிக் கதைகள் ஒதுங்கி, குடும்பப் படங்கள் முன்னுக்கு வந்தன. விசுவநாதன், ராமமூர்த்தி இரட்டையரின் மெல்லிசை ஜனங்களைக் கவர்ந்தது. நீண்ட ஆலாபனைக்கும் ஸ்வரக் கோவைக்கும் படத்தில் இடமில்லாமற் போயிற்று. ராமநாதனுக்கு வந்த வாய்ப்புகள் சுருங்கின. 1962-ல் சௌந்தரராஜனே நாயகனாக நடித்த 'பட்டினத்தார்' வந்தது. காதற்ற ஊசியும் வாராது என்று உணர்ந்து செல்வத்தை உதறிய துறவியின் கதை.

1963 ஆகஸ்டு மாதம் சேலத்தில் முதலாளி சுந்தரம் காலமானார். மூன்று மாதம் போகவில்லை. நவம்பரில் ராமநாதனும் மறைந்தார். ஐம்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அவர் கையில் அப்போது ஒரு படம் பாக்கியிருந்தது. மிச்சப் பாட்டுகளை டி.ஆர்.பாப்பா இசையமைத்து முடிக்க, 1964-ல் படம் வெளிவந்தது. சௌந்தரராஜன் நாயகனாக நடித்த அந்தப் படத்தின் பெயர் 'அருணகிரிநாதர்'. தாசி வீடுகளில் செல்வத்தைத் தொலைத்து, நோயுற்று, திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலேறி உயிரை விடத் துணிந்தபோது முருகனால் தடுத்தாட்கொள்ளப்பட்டவர் கதை அது.